கன்னிமூலைக் குச்சி

லோகநாயகி கைப்பையைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். தாளைப் பிரித்ததும் இசக்கிமணி நாற்காலியோடு அரையடி பின்னால் போனான். உள்ளே ஒரு முழ நீளத்தில் வேப்பங்குச்சி. ஒரு முனையைக் கூராகச் சீவியிருந்தது. மறுமுனையில் நூலைச் சுற்றிச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது.

“தொட்டா கை விளங்காமப் போயிராதுல்லா, சிஸ்டர்?” என்று கேட்டான்.

“நான் தொட்டுத்தான பிடுங்குனேன். இது மூணாவது. முந்தின ரெண்டையும் எலுமிச்சம்பழத்தோட சேத்துச் சிற்றாத்துல விட்டுட்டேன். எவனோ எனக்குச் செய்வினை வைக்கான்.”

தென்காசி பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், செல்போன் கடைக்கு மாடியில் இருக்கிறது மங்களேஸ்வரியின் துப்பறியும் நிலையம். இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, செத்ததாகச் சொன்னவன் உண்மையிலேயே செத்தானா என்று பார்த்துவந்த பொம்பளை அவள். வேலையை விட்டபிறகு அந்தக் கண்ணை வீணாக்க மனசில்லாமல் சொந்தமாகப் பலகை மாட்டிக்கொண்டாள். எடுபிடி, டிரைவர், வாய் மூன்றும் இசக்கிமணிதான். முன்னால் அவன் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளையை விட்டுவிட்டு, மாமனை முறைக்கிற சித்தப்பாவைப் படம் பிடித்ததால் அந்தத் தொழில் அவனை விட்டது. மங்களேஸ்வரிக்கு அந்தச் சித்தப்பாவைப் பார்க்கிற கண்தான் வேண்டியிருந்தது, சேர்த்துக்கொண்டாள்.

லோகநாயகி கிராம சுகாதார நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். இலஞ்சியில் ஒரு மனை வாங்கிப் போட்டிருக்கிறாள். குடியிருப்பது கீழப்புலியூரில் வாடகை வீட்டில். வீட்டுக்காரர் மகள் ஊரோடு வந்துவிடப் போகிறாளாம், தை பிறக்கும் முன் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். அதற்குள் தலைக்குமேல் ஒரு கூரை போட்டுவிட வேண்டும் என்று வருஷம் பிறந்ததிலிருந்து ஆள் தேடுகிறாள்.

தேடிய கதையைக் கேட்டால் பகையாளிக்கும் இரக்கம் வரும். ஒருவன் ஐப்பசியில் வருகிறேன் என்றான், எந்த வருஷத்து ஐப்பசி என்று சொல்லவில்லை. ஒருவன் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும் முன்பே குளியலறைக்கு டைல்ஸ் நிறம் கேட்டான். சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒருவன் சொன்னதில் படிக்கட்டு சேராது, ஜன்னல் சேராது, கடைசியில் சுவர் சேருமா என்றே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இவர்களையெல்லாம் கழித்துவிட்டு உருப்படியாகத் தேறியவர்கள் மூன்று பேர். முதலில் ஆவுடைநாயகம் கொத்தனார். அடுத்தது சிவகிரிப் பக்கத்து இன்ஜினியர் ஒருவர். மூன்றாவது சலீம் பாய், நல்ல கை என்று ஊரே சொல்லும் ஆள். மூன்று பேரும் சரி என்றார்கள். மூன்று பேரும் சந்தோஷமாக மனையைப் பார்க்கப் போனார்கள். அதோடு சரி, அப்புறம் போனையே எடுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் போய்ப் பார்த்தால் மனையில் ஒரு குச்சி நிற்கிறது.

“பக்கத்து மனை சிவசைலம் பிள்ளை என் இடத்தைக் கேட்டாரு, நான் தரமாட்டேன்னுட்டேன். அவரு வேலையா இருக்குமோன்னு சந்தேகம்,” என்றாள். பிறகு குரல் இறங்கியது. “வேலை பாத்த காலம் பூரா குவார்ட்டர்ஸ், இல்லன்னா வாடகை வீடு. ஒரு ஆணி அடிக்கணும்னா ஒருத்தர்ட்ட கேக்கணும். நான் கேக்காம ஆணி அடிக்க எனக்கு ஒரு செவரு வேணும் மேடம். அதைத் தடுக்கது யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க.”

மங்களேஸ்வரி அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, வீட்டில் யார் யார் என்று விசாரித்தாள். மகள் கட்டிக்கொடுத்துப் பெங்களூரில். புருஷன் நல்லக்கண்ணு, போலீஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது சொந்தமாக ஒரு வேன் வைத்துப் பக்கத்துத் தெருப் பிள்ளைகளை நர்சரிப் பள்ளிக்குக் கொண்டுபோய்க் கூட்டி வருகிறார். முப்பது வருஷத்துக்கும் மேல் வண்டி ஓட்டி ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்று லோகநாயகி சொன்னபோது மட்டும் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. வீட்டு விஷயத்தில் அவருக்குப் பெரிய ஒட்டுதல் இல்லையாம். உன் மனை, உன் இஷ்டம் என்பாராம். ஒரு கொத்தனாரிடமும் அவர் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

“முந்தின குச்சிலயும் இதே நூல்தானா அக்கா?” என்று கேட்டாள் மங்களேஸ்வரி.

இல்லை, அதிலெல்லாம் மஞ்சள் நூல், இதில்தான் இந்த இளம்பச்சை என்றாள் லோகநாயகி.

“மந்திரவாதிகிட்ட மஞ்சள் ஸ்டாக் தீந்துட்டுபோல,” என்றான் இசக்கிமணி. மங்களேஸ்வரி சிரிக்கவில்லை. குச்சியைத் தாளில் சுற்றித் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

லோகநாயகி அங்கிருந்தே பாவூர்சத்திரம் பஸ் ஏறினாள். அங்கே நாலாவதாக ஒரு கொத்தனார் இருக்கிறாராம். விட்டேனா பார் என்று போகிறவளை இசக்கிமணி மாடிப்படியில் நின்று பார்த்தான். பாவமாக இருந்தது.

*

ஆவணி பிறந்தும் சாரல் விடவில்லை. இலஞ்சியில் வயலை ஒட்டிக் கிடந்த அந்த மனையில் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. தென்மேற்கு மூலையில் குச்சியைப் பிடுங்கிய குழியில் தண்ணீர் நின்றது.

“செய்வினை வைக்கவன் எங்கலே வைப்பான்?” என்று கேட்டாள் மங்களேஸ்வரி.

“வாசல்ல. தாண்டுனாத்தான பலிக்கும்?”

“இது கன்னிமூலை. மந்திரவாதிக்கு இங்கன என்ன சோலி? இங்கன இருந்துதான் கொத்தனார் நூல் பிடிப்பான்.”

அங்கே நின்றபடியே ஆவுடைநாயகத்துக்குப் போன் போட்டாள். லோகநாயகி அழைத்தால் எடுக்காத மனுஷன், தெரியாத நம்பர் என்றதும் முதல் மணியிலேயே எடுத்தார். இலஞ்சி மனை என்று சொன்னதும் பொரிந்து தள்ளிவிட்டார். ஒரு கொத்தனார் தாம்பூலம் வாங்கிக் கன்னிமூலையில் குச்சி நட்டு மஞ்சள் நூல் கட்டிவிட்டால் அந்த வேலை அவனுடையது. அவன் வாயால் விட்டுக்கொடுக்காமல் அடுத்தவன் அதில் கை வைக்கமாட்டான். எனக்கு வாக்குக் கொடுத்துவிட்டு இன்னொருத்தனுக்கு வெற்றிலை வைத்த பொம்பளை போனை நான் எதற்கு எடுக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

இசக்கிமணிக்குச் சிரிப்பு வந்தது. அவள் கொத்தனார்களைத் துரோகி என்கிறாள், கொத்தனார்கள் அவளைத் துரோகி என்கிறார்கள். ஒரே குச்சி ஒருத்திக்குச் சூனியமாகவும் இன்னொருத்தனுக்குச் சட்டமாகவும் இருந்திருக்கிறது. இவள் ஆற்றில் விட விட, எவனோ ஒருத்தன் மறுபடி கொண்டுவந்து நட்டிருக்கிறான்.

வேலிக்கு அந்தப் பக்கம் சிவசைலம் பிள்ளை குடையோடு நின்றார். கண்ணாடி சோடா பாட்டில் கனம். இசக்கிமணி நேரே விஷயத்துக்கு வந்து, இந்த மனைக்கு வருகிற கொத்தனாரையெல்லாம் விரட்டுவது நீங்கள்தானா என்று கேட்டுவிட்டான். அவருக்குக் கோபம் வரவில்லை. ஆசை வந்தது.

“கொத்தனாரு வாராவளா? எப்ப? வந்தா கொஞ்சம் நிப்பாட்டி வைங்க தம்பி. என் காம்பவுண்டு செவரு விழுந்து ரெண்டு வருஷமாச்சு, எடுத்துக் கட்ட ஒரு பய கிடைக்கல.”

அவ்வளவு ஏக்கமாகக் கேட்டவரைச் சந்தேகப்படுவது பாவம் என்று மங்களேஸ்வரி வண்டியில் ஏறும்போது சொன்னாள். கொத்தனாரைக் கூட்டிவந்து கட்டிப்போட வேண்டுமானால் போடுவார், விரட்டமாட்டார். ஆனாலும் இசக்கிமணி அவரை விடுவதாக இல்லை.

*

சலீம் பாயை ஐந்தருவிப் பக்கம் ஒரு லாட்ஜில் பிடித்தார்கள். சீசனில் ஊரே வந்து குளித்துவிட்டுப் போன குளியலறைகளில் தரையைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். வழியெல்லாம் பரோட்டா வாசனையைத் தாண்டி வந்திருந்த இசக்கிமணி, குற்றாலத்துக்கு வந்து குளிக்காமலும் தின்னாமலும் திரும்புவது எந்த மதத்திலும் மன்னிக்கமுடியாத குற்றம் என்று சொல்லிப் பார்த்தான். யாரும் காதில் வாங்கவில்லை.

விஷயத்தைக் கேட்டதும் சலீம் பாய் சுத்தியலைக் கீழே வைத்தார். அவருக்கு லோகநாயகிமேல் கோபம் இல்லை, வருத்தம்தான். மனையில் குச்சியைப் பார்த்துவிட்டு யோசித்துக்கொண்டிருந்த மறுநாளே ஒரு ஆள் இங்கே தேடி வந்து, அந்த வேலைக்குத் தாம்பூலம் வாங்கியவன் நான்தான், தயவுசெய்து விலகிக்கொள்ளுங்கள் என்று கேட்டிருக்கிறார். எத்தனை சென்ட், வாசல் எந்தத் திசை எல்லாம் பிசகாமல் சொல்லியிருக்கிறார். ஒரு தொழிலாளி வந்து இப்படிக் கேட்டபிறகு வீட்டுக்காரியிடம் போய் விசாரித்தால் அவன் பிழைப்பைக் கெடுத்த பழி வரும் என்று பாய் பேசாமல் ஒதுங்கிவிட்டார்.

“ஆளு எப்படி இருந்தாரு, பாய்?”

“அறுவதுக்கு மேல இருக்கும். வெள்ளச் சட்ட, வெட்டுன கிராப்பு, மரியாதையான பேச்சு. ஆனா பேசுத நேரம் பூரா என் முகத்தப் பாக்கல, காதப் பாத்துக்கிட்டே பேசுனாரு. இந்தாளு எதையோ மறைக்காருன்னு அப்பவே பட்டுச்சு.”

வேறு ஏதாவது நடந்ததா என்று மங்களேஸ்வரி கேட்டாள். சலீம் பாய்க்கு அப்போதுதான் ஞாபகம் வந்து, சிரிப்பும் வந்தது.

“ஒரு கூத்து நடந்துச்சு. அந்தம்மா வீட்டுக்கு நான் போட்ட பிளான் போன்ல இருந்துச்சு. மண்டையப் போட்டு ஒடச்சு வரஞ்சது, வீணாப் போவாண்டாம், இவராவது அதப் பாத்துக் கட்டட்டும்னு எடுத்து நீட்டுனேன். அவரு கைக்குப் போன நேரம் ஸ்கிரீன் அணஞ்சு போச்சு. அணஞ்ச போனப் பாத்து, சமையக்கட்டு நல்லா வந்திருக்குன்னு சொல்லித் திருப்பிக் குடுத்தாரு. என்னய நக்கல் பண்ணுதாருன்னு நெனச்சேன்.”

இசக்கிமணி விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்துப் பார்த்தால் மங்களேஸ்வரியின் முகம் வெளுத்திருந்தது. அந்த ஆள் எதில் வந்தார், எதில் போனார் என்று அவசரமாகக் கேட்டாள். பஸ்ஸில்தான் என்றார் பாய். எதிரே தென்காசி என்று கொட்டை எழுத்தில் போர்டு போட்ட பஸ் வந்து நின்றபோது, அது எங்கே போகிற பஸ் என்று பாயிடமே கேட்டாராம்.

“மணி, நர்சரிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எப்ப விடும்?”

“மூணரைக்கு. எதுக்குக்கா?”

“வண்டிய எடு. வெரசா.”

தென்காசி வரைக்கும் அவள் வாயைத் திறக்கவில்லை. அவள் பேசாவிட்டால் இசக்கிமணி இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசவேண்டியிருக்கும். சிவசைலம் பிள்ளைதான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வேஷம் போட்டிருக்கிறார், கண்ணாடி இல்லாமல் அவருக்குப் போனும் தெரியாது, பஸ்ஸும் தெரியாது, அதுதான் காதைப் பார்த்துப் பேசியிருக்கிறார் என்று விளக்கினான். தன் அறிவை நினைத்து அவனுக்கே பெருமையாக இருந்தது.

“பாதிக் கெணறு தாண்டிட்டேலே,” என்றாள் மங்களேஸ்வரி. “பேசாம ஓட்டு.”

*

கீழப்புலியூர் வீட்டு வாசலில் வேன் கழுவித் துடைத்து நின்றது. நல்லக்கண்ணு வெள்ளைச் சட்டையோடு சாவியைக் கையில் வைத்துக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தார். லோகு இன்னும் பாவூர்சத்திரத்திலிருந்து வரவில்லை, நீங்கள் யார் என்று கேட்டார். கேட்கும்போது அவர் பார்வை இசக்கிமணியின் இடது காதில் நின்றது. இசக்கிமணி அனிச்சையாகக் காதைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

மங்களேஸ்வரி சாதாரணமாகப் பேசினாள். அக்காவுக்குத் தெரிந்தவர்கள்தான், வழியில் சேலை ஓரம் பிரிந்துவிட்டது, வீட்டில் ஊசியும் மஞ்சள் நூலும் இருந்தால் ஒரு நிமிஷம் தையல் போட்டுக்கொள்கிறேன் என்றாள். அவள் கட்டியிருந்ததும் மஞ்சள் சேலைதான். நல்லக்கண்ணு உள்ளே போனார். நாற்காலியில் இடிக்காமல், நிலைப்படியில் தடுக்காமல், தாராளமாக நடந்தார். அலமாரிக்கு மேலே கையை நீட்டி பிஸ்கட் டப்பாவைச் சரியாக எடுத்தார். அதைத் திறந்து, உள்ளே கிடந்த நூல்கண்டுகளில் ஒன்றை எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

“இந்தாங்க தங்கச்சி, மஞ்சள் நூல்.”

அது இளம்பச்சை.

இசக்கிமணி வாயைத் திறந்தான். மங்களேஸ்வரி அவன் கையைப் பிடித்து அழுத்தினாள். பையிலிருந்து குச்சியை எடுத்து நல்லக்கண்ணுவின் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதைப் பார்க்கவே இல்லை. கட்டைவிரலால் முடிச்சைத் தடவினார். தடவியதும் அப்படியே படியில் உட்கார்ந்தார்.

“எத்தன நாளா அண்ணாச்சி?” என்று கேட்டாள் மங்களேஸ்வரி.

அவரால் சொல்ல ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லை. பார்வை நடுவில் மட்டும் கரி பூசினமாதிரி இருக்கிறதாம். ஓரத்தில் தெரியும், ஆள் வருவது தெரியும், முகம் தெரியாது. எழுத்து போய் ரொம்ப நாளாகிறது. திருநெல்வேலிக்குத் தனியாகப் போய் டாக்டரிடம் காட்டினார். இனிமேல் போனது வராது, இருப்பதைக் காப்பாற்றலாம், முதலில் வண்டியை விடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதை லோகுவிடம் சொல்ல முடியவில்லை. சொன்னால் வேனை வாங்கி வைத்துவிடுவாள். வண்டி ஓட்டாத நல்லக்கண்ணுவை அவருக்கே யாரென்று தெரியாது.

இந்த வீடு அவருக்குக் கைப்பழக்கம். இங்கிருந்து பள்ளிக்கூடம் போகிற வழி கால்பழக்கம். அந்த நேரம் பார்த்து அவள் இலஞ்சியில் வீடு கட்டக் கிளம்பினாள். புது வீட்டில் சுவர் எங்கே இருக்கிறதென்று தெரியாது, அங்கிருந்து வேன் எடுத்தால் ரோடும் தெரியாது, இரண்டாவது நாளே குட்டு உடைந்துவிடும். தை பிறந்தாலும் இதே தெருவில் இன்னொரு வாடகை வீடு பார்த்துக்கொண்டால் வழியாவது மாறாது என்று நினைத்திருந்தார். ஊரில் பாதி வீடுகளின் வாஸ்து பூஜைக்கு அதிகாரிகளைக் கூட்டிக்கொண்டு போய் நின்றவர், கொத்தனார் குச்சி அவருக்குத் தெரியும். ஒவ்வொருத்தனாக விரட்டினார்.

“கட்டவே வேண்டாம்னு இல்ல, கொஞ்ச நாள் தள்ளிப் போகட்டும்னுதான். அவ ஆசை எனக்குத் தெரியாதா?”

“ஆசைய விடுங்க. வேன எப்படி ஓட்டுதியோ?”

“மெதுவாத்தான் போவேன். ரோடு எனக்கு மனப்பாடம், தங்கச்சி.”

“ரோடு மனப்பாடம் சரி. குறுக்க வார பிள்ளையும் மனப்பாடமா?”

அவள் அவ்வளவு கோபப்பட்டு இசக்கிமணி பார்த்ததில்லை. செத்தவன்போல நடித்துப் பணம் கேட்டவர்களிடம்கூட அவள் சிரித்துக்கொண்டேதான் பேசுவாள். நல்லக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டார். மங்களேஸ்வரி குரலைத் தாழ்த்திக்கொண்டு, உங்கள் சம்சாரத்திடம் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள், அதற்கு வேண்டுமானால் நாளைவரை பொறுத்திருப்பேன், ஆனால் சாவியை ஒரு நிமிஷம்கூட உங்கள் கையில் விடமாட்டேன் என்றாள். கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. பள்ளி விடுகிற நேரம் ஆகிவிட்டது, பிள்ளைகள் வெயிலில் நிற்கும் என்று முனகினார். சாரலில் வெயில் எங்கே இருக்கிறது என்று சொல்ல வந்த இசக்கிமணி அதைச் சொல்லவில்லை.

“நான் ஓட்டுதேன் அண்ணாச்சி,” என்றான். “எனக்கு ரோடு தெரியாது. நீங்க பக்கத்துல இருந்து சொல்லுங்க.”

சாவி அப்போதுதான் கை மாறியது.

*

பிள்ளைகளுக்குப் புது டிரைவரைப் பற்றிக் கவலை இல்லை, வேன் தாத்தா இருந்தால் போதும். யார் ஏறினாலும் குரலை வைத்தே பெயர் சொல்லி அவர் கூப்பிட்டார். ஹம்னாவுக்குச் சளி பிடித்திருப்பதைக்கூடக் கண்டுபிடித்துவிட்டார். வழி சொன்ன அழகைப் பார்த்து இசக்கிமணிக்கே மனசு தடுமாறியது. இங்கே ஒரு பள்ளம் வரும் என்பார், வரும். இடது பக்கம் டிரான்ஸ்பார்மர் தாண்டி ஒடி என்பார், டிரான்ஸ்பார்மர் நிற்கும். அக்கா கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டாளோ என்றுகூட நினைத்தான். இப்படி ஒரு மனுஷன் கையிலிருந்து சாவியைப் பிடுங்குவது அவனுக்குப் பிடிக்கவில்லை. பின்சீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த மங்களேஸ்வரியின் கண் ரோட்டிலேயே இருந்தது.

அடுத்த தெருமுனையில் நல்லக்கண்ணு சொன்னார்:

“ஒடிச்சு நேராப் போ. இந்தத் தெரு எப்பவும் காலியாத்தான் கெடக்கும்.”

இசக்கிமணி ஒடித்தான். உடனே பிரேக்கை மிதித்தான். வேன் குலுங்கி நின்றது. பின்னால் பிள்ளைகள் கூச்சல் போட்டுச் சிரித்தார்கள்.

“என்ன, ஏன் நின்னுட்ட?”

தெருவில் யாரோ வீடு கட்டுகிறார்கள். அப்போதுதான் கொட்டிய ஜல்லிக் குவியல் ஒன்று பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு கிடந்தது. அதன் அடிவாரத்தில் மூன்று வயசுக்கு மேல் சொல்லமுடியாத ஒரு பிள்ளை, சாம்பல் நிறக் கவுன் போட்டுக்கொண்டு, கல்லைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டிருந்தது. வேனைப் பார்த்து அது நகரவும் இல்லை.

“ஜல்லி கொட்டியிருக்கு அண்ணாச்சி,” என்றான். “அதுல ஒரு பிள்ள உக்காந்திருக்கு.”

நல்லக்கண்ணு முகத்தைத் திருப்பி, ஓரக்கண்ணால், மறுபடி திருப்பி, தேடினார். சாம்பல் ஜல்லியில் சாம்பல் கவுன். அவர் தேடிக்கொண்டே இருந்தார். பிள்ளையின் அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்து அதைத் தூக்கிக்கொண்டு போனபிறகும் அவர் தேடுவதை நிறுத்தவில்லை. அதற்குப்பின் கடைசிப் பிள்ளை இறங்கும்வரை அவர் வழி சொல்லவில்லை. இசக்கிமணி பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டு வீடு வீடாக விட்டான். மனசில் ஒரு வேடிக்கைப் பேச்சும் எழவில்லை.

*

லோகநாயகி வாசலில் நின்றாள். பாவூர்சத்திரத்துக் கொத்தனார் சரி என்று சொல்லிவிட்டாராம். வேன் வருவது தெரிந்ததும் அதைச் சொல்ல இரண்டு படி இறங்கினாள். டிரைவர் சீட்டில் இசக்கிமணியைப் பார்த்து நின்றாள். புருஷன் இடது பக்கக் கதவைத் திறந்துகொண்டு இறங்குவதைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் அந்தப் பக்கம் இறங்கி அவள் பார்த்ததில்லை.

“யாருன்னு கண்டுபிடிச்சாச்சா மேடம்?” என்று மங்களேஸ்வரியைக் கேட்டாள். அவள் பார்வை புருஷனை விட்டு நகரவில்லை.

மங்களேஸ்வரி நல்லக்கண்ணுவைப் பார்த்தாள்.

“நான்தான் லோகு,” என்றார் அவர். “குச்சி நட்டது நான்தான். எனக்குக் கண்ணு தெரியல.”

அவள் கத்துவாள், அழுவாள், குறைந்தபட்சம் பையைக் கீழே போடுவாள் என்று இசக்கிமணி எதிர்பார்த்தான். ஆனால் அவள் முகத்தில் நர்ஸ் வந்து உட்கார்ந்தாள். வேலை பார்த்த காலத்தில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கண் பார்த்தவள். அவர் பக்கத்தில் போனாள். ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டு, வலது கையைத் தூக்கி, விரல்களை அவர் முகத்துக்கு நேரே காட்டினாள்.

“இது எத்தன?”

நல்லக்கண்ணு நேரே பார்த்தார். பிறகு தலையைச் சாய்த்து ஓரத்தால் பார்த்தார். தெருவில் எவனோ ஹாரன் அடித்துக்கொண்டு போனான். அவள் கையை இறக்காமல் காத்திருந்தாள்.

“எத்தனன்னு தெரியல லோகு,” என்றார். “உன் கை நடுங்குது. அது தெரியுது.”